ஆங்கிலத்தின் கேன், மே, குட்: ஹங்கேரிய மொழியில் சொல்வதற்கு முழுமையான வழிகாட்டி

ஹங்கேரியில் புடாபெஸ்ட், டெப்ரெட்சென், ஸெகெட், பேச் ஆகிய நான்கு ஊர்களிலும் ஆங்கில வழியில் மருத்துவம் படிக்கலாம். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், ஆனால் வார்டில் படுத்திருக்கும் பெரியவர் பேசுவது ஹங்கேரிய மொழி. அங்கே போய் நிற்கும் மாணவர்கள் மனசுக்குள் ஓர் ஆங்கில வாக்கியத்தை வைத்துக்கொண்டு அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றப் பார்ப்பார்கள், அதில் அதிகம் சறுக்குவது கேன், மே, மைட், குட் வரும் இடங்களில்தான்.

"ஹி கேன்ட் ஈட்" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹங்கேரிய மொழியில் "நெம் துத் என்னி" என்றால் அவரால் சாப்பிட முடியவில்லை. "நெம் எஹெத்" என்றால் அவர் சாப்பிடக் கூடாது. முன்னது நோயாளியின் நிலை, பின்னது மருத்துவரின் உத்தரவு. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுவிடுகிறது, ஹங்கேரிய மொழி அப்படி விடாது. நல்ல செய்தி, தமிழும் விடாது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே வழியைத்தான் பிடித்துப் போகிறது: ஆங்கிலத்திலிருந்து நேராக ஹங்கேரிய மொழிக்குத் தாவாமல் நடுவில் தமிழில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். எங்கே தமிழும் காலை வாரிவிடும் என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். நிகழ்கால வினை விகுதிகள். "னி" என்று முடியும் வினையெச்சம் (ஊஸ்னி என்றால் நீந்த, மென்னி என்றால் போக). அப்புறம் ஹங்கேரிய வினைக்கு இரண்டு வரிசை விகுதிகள் உண்டு என்பது: "ஒரு கடிதம்" மாதிரிப் பொதுவான செயப்படுபொருளுக்கோ, செயப்படுபொருளே இல்லாதபோதோ ஒரு வரிசை, "அந்தக் கடிதம்" மாதிரிக் குறிப்பிட்ட பொருளுக்கு இன்னொன்று. இந்த மூன்றாவது இல்லாமல் மூன்றாவது படிக்குமேல் போக வேண்டாம், ஏனென்றால் நீங்கள் சேர்க்கப்போகும் எல்லாவற்றின் மேலும் இந்த இரண்டு வரிசைதான் வந்து உட்காரும்.

இன்னொன்று, பெரியவர்களிடமும் நோயாளிகளிடமும் "நீங்கள்" என்று மரியாதையாகப் பேசும்போது வினை படர்க்கை ஒருமை வடிவத்தில் வரும். "துத்" என்றால் "அவரால் முடியும்", "உங்களால் முடியும்" இரண்டும்தான். கீழே வரும் நோயாளி உரையாடல்கள் எல்லாம் இந்த வடிவத்தில் இருக்கின்றன.

உச்சரிப்பு பற்றி: ஹங்கேரியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். "துத்" என்பதில் முதல் த, தண்ணீரில் வருவது, கடைசி த், பந்துவில் வருவது போல மெலிந்தது. மற்ற இடங்களில் தனி த வந்தாலும் அநேகமாக வல்லினமாகவே சொல்லுங்கள். குறில் அ, கொஞ்சம் ஒ பக்கம் சாயும். உதட்டைக் குவித்துச் சொல்லும் எ, இ ஒலிகளுக்குத் தமிழில் எழுத்து இல்லை, அவற்றை யொ, யு என்று குறித்திருக்கிறேன்.

## 2. முதல் வேலை: எது இதைச் சாத்தியமாக்குகிறது என்று கேட்பது

வாக்கியத்தைப் பார்த்ததும் அகராதியைத் திறக்காதீர்கள். அகராதியில் கேன் என்று தேடினால் "துத்" என்று முதலில் வரும், எல்லாவற்றுக்கும் அதையே போட்டுவிடுவீர்கள். புதிதாக வருகிறவர்களிடம் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான்.

அதற்குப் பதிலாக, இந்தச் சாத்தியம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

அந்த ஆளின் உடம்பிலோ அறிவிலோ இருந்து வந்தால் தமிழில் "முடியும்" அல்லது "தெரியும்" வரும். ஹங்கேரிய மொழியில் துத்.

யாரோ அனுமதித்ததாலோ சூழ்நிலை இடம் கொடுத்ததாலோ வந்தால் தமிழில் "லாம்". ஹங்கேரிய மொழியில் வினையோடு ஒட்டும் ஹத் அல்லது ஹெத்.

குறிப்பிட்ட ஆளே இல்லாமல் "இங்கே பணம் கட்டலாமா" என்று பொதுவாகக் கேட்டால் லெஹெத்.

சொல்கிறவருடைய ஊகமாக இருந்தால், அதாவது "ஒருவேளை", "வந்தாலும் வரலாம்" என்றால், லெஹெத் ஹொஜ் அல்லது தலான் வகைச் சொற்கள்.

இந்தக் கேள்வியை முதலில் வைப்பதற்குக் காரணம், இந்த நான்கும் வாக்கியத்தின் கட்டமைப்பையே மாற்றுகின்றன. ஒன்று துணைவினை, ஒன்று ஒட்டு, ஒன்று ஆளில்லாத வினை, இன்னொன்று தனி வாக்கியம். பாதியில் மனசு மாறினால் முழுவதையும் திரும்பக் கட்ட வேண்டியிருக்கும்.

## 3. தேவையில்லாத கேனைக் களையுங்கள்

ஆங்கிலத்தில் பார்ப்பது, கேட்பது, நினைவு வருவது, புரிவது போன்ற வினைகளோடு கேன் சும்மா ஒட்டிக்கொண்டு வரும். அங்கே சாத்தியம் பற்றி எதுவும் சொல்லப்படவில்லை. தமிழில் நாமும் "எனக்குக் கேட்கிறது" என்றுதான் சொல்கிறோம், "என்னால் கேட்க முடிகிறது" என்பதில்லை. ஹங்கேரிய மொழியும் அப்படியே:

தெரிகிறது, பார்க்கிறேன்: லாதொம்.
நீ பேசுவது கேட்கிறது: ஹல்லக்.
நான் பேசுவது உங்களுக்குக் கேட்கிறதா: ஹல் எங்கெம்?
கண்டுபிடிக்க முடியவில்லை: நெம் தலாலொம்.
ஞாபகம் இல்லை: நெம் எம்லேக்ஸெம்.
புரியவில்லை: நெம் ஏர்தெம்.

"துத் ஹல்லனி?" என்று நோயாளியிடம் கேட்டால், காது கேட்கும் திறனே உண்டா என்று விசாரிப்பது போலாகிவிடும். செவித்திறன் பரிசோதனையில் அது சரி, போனில் "ஹலோ கேட்கிறதா" என்பதற்குச் சரியில்லை.

இந்தப் படியை ஒட்டு சேர்ப்பதற்கு முன்னால் வைப்பது நேரத்தை மிச்சப்படுத்தத்தான். அன்றாடப் பேச்சில் வரும் கேன்களில் கணிசமானவை இங்கேயே விழுந்துவிடும்.

## 4. திறமை, தெம்பு: துத்

துத் என்ற வினைக்கு அடிப்படைப் பொருள் "தெரியும்". நமக்கு இது மிக இயல்பாக வரும், ஏனென்றால் "நீந்தத் தெரியும்" என்று நாமும் சொல்கிறோம். துதொக் ஊஸ்னி: எனக்கு நீந்தத் தெரியும். மொழி தெரியுமா என்று கேட்பதற்குப் "பேச" என்ற வினைகூட வேண்டாம்: துத் மஜரூல்? ஹங்கேரிய மொழி தெரியுமா? அவ்வளவுதான்.

ஆனால் தமிழில் "எனக்கு", "என்னால்" என்று வரும், ஹங்கேரிய மொழியில் எழுவாய் சாதாரணமாக "நான்"தான். "நெகெம்" (எனக்கு) என்று தொடங்கிவிட்டு "துத்" என்று முடிப்பது தமிழர்கள் செய்யும் தவறு. வினையின் விகுதியே ஆளைக் காட்டிவிடும், வேறொன்றும் வேண்டாம்.

துத் உடல் தெம்புக்கும் வரும். வார்டில் தினமும் தேவைப்படுபவை:

ஃபெல் துத் ஆல்னி? எழுந்து நிற்க முடியுமா?
ஃபெல் துஜ்ஜ எமெல்னி அ கர்யாத்? கையைத் தூக்க முடியுமா?
மெக் துஜ்ஜ மொஸ்தீதனி அ லாபாத்? காலை அசைக்க முடியுமா?

முதல் வாக்கியத்தில் துத், மற்ற இரண்டில் துஜ்ஜ. கையும் காலும் குறிப்பிட்ட செயப்படுபொருள்கள், அதனால் இரண்டாவது வரிசை விகுதி. அந்தச் செயப்படுபொருள் வினையெச்சத்துக்கு உரியது என்றாலும் விகுதி துத் மேல்தான் வரும், இதை மறக்கிறவர்கள் அதிகம். "நெம் துதொக்" என்று தொடங்கிவிட்டுக் "கையைத் தூக்க" என்று முடிப்பார்கள். நோயாளி சொல்வது "நெம் துதொம் ஃபெலெமெல்னி அ கரொமத்".

ஒரு விதிவிலக்கு. ஜனவரியில் இங்கே நல்ல குளிர் அடிக்கக்கூடும், அவர் சில நேரம் எரிச்சலூட்டுவார் என்கிற மாதிரி, ஒன்றின் சுபாவத்தைச் சொல்லும்போது பேச்சில் "துத் லென்னி" வரும்: ஹிதெக் துத் லென்னி. நாளைக்கு மழை வரலாம் என்ற ஊகத்துக்கு இதை நீட்டாதீர்கள். மழைக்குத் திறமை கிடையாது.

## 5. அனுமதி, வாய்ப்பு: ஹத், ஹெத்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி, இங்கே மெதுவாகப் போகலாம். "லாம்" போலவே இது வினையோடு ஒட்டிவிடும். வார் (காத்திரு) வார்ஹத் ஆகும், கேர் (கேள்) கேர்ஹெத் ஆகும்.

எந்த வடிவம் என்பதை எப்படி முடிவு செய்வது? உயிரெழுத்து இசைவுதான் விதி: பின்னுயிர் (அ, ஒ, உ வகை) உள்ள வினைக்கு ஹத், முன்னுயிர் (எ, இ வகை, உதடு குவியும் எ, இ உட்பட) உள்ளதற்கு ஹெத். ஆனால் இ மட்டும் உள்ள சொற்களில் இந்த விதியை நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். ஈர் (எழுது) ஈர்ஹத் ஆகிறது, ஞித் (திற) ஞித்ஹத் ஆகிறது, ஆனால் விஸ் (கொண்டுபோ) விஹெத் ஆகிறது. இதற்கு எளிய வழி, "நான்" வடிவத்தைச் சொல்லிப் பாருங்கள். ஈரொக் என்று ஒ வந்தால் ஹத். விஸெக் என்று எ வந்தால் ஹெத். "குடி" என்பதற்கு இஸொம், ஆகவே இஹத். "சாப்பிடு" என்பதற்கு எஸெம், ஆகவே எஹெத். "வா" என்பதற்கு யொவ்யொக் என்று உதடு குவிந்த எ வருகிறது, அதுவும் ஹெத் பக்கம்தான்: யொஹெத். விதியை மனப்பாடம் செய்வதைவிட இது வேகமாகக் கை கொடுக்கும்.

அடுத்து, தேய்ந்து நிற்கும் வினைகள். இவை குறைவு, ஆனால் அதிகம் புழங்குபவை:

மெஜ் (போ): மெஹெத்
யொன் (வா): யொஹெத்
தெஸ் (செய், வை): தெஹெத்
வெஸ் (எடு, வாங்கு): வெஹெத்
விஸ் (கொண்டுபோ): விஹெத்
ஹிஸ் (நம்பு): ஹிஹெத்
எஸிக் (சாப்பிடு): எஹெத்
இஸிக் (குடி): இஹத்
லெஸ் (ஆகு, இரு): லெஹெத்

மற்ற பெரும்பாலான "இக்" வினைகளில் இக் மட்டும் உதிரும்: தொல்கொஸிக் (வேலை செய்) தொல்கொஸ்ஹத் ஆகும்.

இப்போது விகுதி. தமிழ் நம்மை ஏமாற்றும் இடம் இது. "லாம்" வந்துவிட்டால் நமக்கு வினை முடிந்துபோகிறது: நான் வரலாம், நீ வரலாம், அவர்கள் வரலாம், எல்லாம் ஒன்றே. ஹங்கேரிய மொழியில் ஒட்டுக்குப் பிறகுதான் ஆளே வருகிறது. காத்திருக்கலாம் என்பதற்கு:

நான்: வார்ஹதொக்
நீ: வார்ஹத்ஸ்
அவர், நீங்கள்: வார்ஹத்
நாம்: வார்ஹதுன்க்
நீங்கள் எல்லாரும்: வார்ஹத்தொக்
அவர்கள்: வார்ஹத்னக்

ஹதொக், ஹத்தொக் இரண்டையும் வித்தியாசம் தெரியச் சொல்லுங்கள். ஒற்றைத் த என்றால் நான், இரட்டைத் த் என்றால் நீங்கள் எல்லாரும். படம், பட்டம் என்று பிரித்துச் சொல்லிப் பழகிய வாய்க்கு இது கஷ்டமில்லை, கவனித்தால் போதும்.

குறிப்பிட்ட பொருள் வரும்போது இரண்டாவது வரிசை: மெக்னேஸ்ஹெதெம் அ லாபாத்? உங்கள் காலைப் பார்க்கலாமா? மெக்விஷ்கால்ஹதொம்? உங்களைப் பரிசோதிக்கலாமா? அனுமதி கேட்காமல் கை வைக்கக் கூடாது என்பதால் இந்த இரண்டு வாக்கியங்களையும் மற்ற எதற்கும் முன்னால் வாய்ப்பாடமாக்கச் சொல்வேன்.

இந்த ஒட்டையும் துத்தையும் ஒரே செயலுக்குச் சேர்த்துப் போடுவது இன்னொரு தவறு. "துதொக் மெஹெத்னி" என்பதெல்லாம் கிடையாது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுக்குப் போகச் சொல்லி அனுப்பும்போது ஹஸமெஹெத்: நீங்கள் வீட்டுக்குப் போகலாம். ஹஸ துத் மென்னி? என்றால், தனியாக வீடுபோய்ச் சேர உங்களால் முடியுமா, வண்டி வேண்டுமா என்ற அக்கறை. டிஸ்சார்ஜ் நாளில் இரண்டும் தேவைப்படும், அதே வரிசையில்.

"போகலாம்" என்று நண்பரைக் கிளப்பும் "லாம்" வேறு. அதற்கு மென்யுன்க் என்ற ஏவல் வடிவம். மெஹெத்யுன்க் என்றால் நாம் போகலாம், தடை எதுவும் இல்லை, எல்லாரும் தயார் என்று பொருள்.

## 6. முன்னொட்டை எங்கே வைப்பது

ஃபெல் (மேலே), பெ (உள்ளே), எல் (அப்பால்), மெக் (முடித்து), ஹஸ (வீட்டுக்கு) போன்ற முன்னொட்டுகள் ஓரிடத்தில் நிற்காது. சரியான சொல்லைத் தேர்ந்தெடுத்த பிறகும் வாக்கியம் அந்நியமாக ஒலித்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

ஒட்டு வகையில், சாதாரண வாக்கியத்தில் முன்னொட்டு முன்னால் ஒட்டும்: பெயொஹெதெக்? உள்ளே வரலாமா? "இல்லை" என்ற நெம் வந்தால் பின்னால் போகும்: நெம் யொஹெத் பெ. கேள்விச்சொல் வந்தாலும் பின்னால்தான்: மிகொர் மெஹெதெக் ஹஸ? நான் எப்போது வீட்டுக்குப் போகலாம்? நோயாளிகள் உங்களிடம் அதிகம் கேட்கப்போகும் கேள்வியும் இதுவே.

துத் வகையில் நேர்மாறாக நடக்கும். சாதாரண வாக்கியத்தில் முன்னொட்டு பிரிந்து துத்துக்கு முன்னால் வந்து நிற்கும்: ஃபெல் துத் ஆல்னி. நெம் அல்லது கேள்விச்சொல் வந்தால் அது வினையெச்சத்தோடு திரும்பச் சேர்ந்துகொள்ளும்: நெம் துத் ஃபெலால்னி. மிகொர் துத் பெயொன்னி? எப்போது உள்ளே வர முடியும்?

காரணம் ஒன்றே. வினைக்கு நேர் முன்னால் ஒரு நாற்காலிதான் இருக்கிறது, நெம்மும் கேள்விச்சொல்லும் வந்தால் முன்னொட்டு எழுந்து இடம் கொடுக்க வேண்டும். எழுந்தபின் எங்கே போகும் என்பதுதான் இரண்டு வகைக்கும் வேறுபாடு.

## 7. ஆளில்லாத சாத்தியம்: லெஹெத், ஸபத்

கடையில், அலுவலகத்தில், ரயில் நிலையத்தில் பொதுவாகக் கேட்பதற்கு லெஹெத்தோடு வினையெச்சம். லெஹெத் கார்ட்யாவல் ஃபிஸெத்னி? கார்டில் பணம் கட்டலாமா? ஹொல் லெஹெத் ஃபிஸெத்னி? எங்கே கட்டலாம்? பெ லெஹெத் மென்னி? உள்ளே போகலாமா?

ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினையோடு வரும் கேனையும் இங்கேதான் கொண்டுவர வேண்டும். "இதைச் சரிசெய்ய முடியுமா" என்பதற்கு மெக் லெஹெத் யவீதனி? சுருக்கமாக வேண்டுமென்றால் ஒட்டின் பெயரடை வடிவம் இருக்கிறது: யவீத்ஹதோ, சரிசெய்யக்கூடியது. எஹெத்யோ, சாப்பிடத் தகுந்தது. லாத்ஹதோ, கண்ணுக்குத் தெரிகிற. எழுத்தில் இந்த வடிவங்கள் ஏராளமாக வரும், ஆகவே அடையாளம் காணவாவது பழகுங்கள்.

ஸபத் என்பது வெளிப்படையான அனுமதி. தனியாக "ஸபத்?" என்றாலே "அனுமதி உண்டா, உட்காரலாமா, வழி விடுவீர்களா" என்று இடத்துக்கேற்பப் பொருள்படும். இதன் எதிர்மறை நெம் ஸபத், நம்முடைய "கூடாது". நெம் ஸபத் இன்னொம்: நான் குடிக்கக் கூடாது. நெம் லெஹெத் என்றால் வழியே இல்லை என்ற தொனியும் சேரும். இத்த் நெம் லெஹெத் பர்கொல்னி என்பது இங்கே வண்டி நிறுத்த முடியாது, தடையாகவும் இருக்கலாம், இடமில்லாமலும் இருக்கலாம். அறிவிப்புப் பலகையில் கண்டிப்பான தடைக்கு திலொஷ் என்ற சொல் தனியாக உண்டு: திலொஷ் அ தொஹாஞ்ஸாஷ், புகைபிடிக்கத் தடை.

## 8. ஊகம்: லெஹெத் ஹொஜ், தலான், அப்புறம் அவற்றின் உறவினர்கள்

இங்கே வினையைத் தொடாதீர்கள். ஊகத்தை வெளியே வைத்து, உள்ளே சாதாரண வாக்கியத்தை வையுங்கள். லெஹெத், ஹொஜ் ஹொல்னப் எஷ்னி ஃபொக்: நாளைக்கு மழை பெய்யலாம். ஹொஜ் முன்னால் காற்புள்ளி கட்டாயம். பேச்சில் பலரும் ஹொஜ்ஜை விழுங்கிவிடுவார்கள், எழுத்தில் நீங்கள் விழுங்க வேண்டாம்.

ஒட்டாலும் ஊகம் சொல்லலாம்: ஹொல்னப் எஷ்ஹெத். ஆனால் ஆள் எழுவாயாக இருக்கும்போது ஒட்டு அனுமதியாகவும் ஊகமாகவும் படும். எல்மெஹெத் என்றால் அவர் போகலாம் என்று விட்டுவிட்டார்களா, போனாலும் போவாரா? தமிழ் "போகலாம்" போலவே இரண்டுக்கும் இடம் உண்டு. ஆகவே புதியவர்கள் ஊகத்துக்கு லெஹெத் ஹொஜ்ஜையே பிடித்துக்கொள்வது நல்லது, குழப்பமே வராது.

ஊகத்தின் பலத்துக்கு ஏற்பச் சொற்கள் மாறும். எஷெத்லெக் மெல்லியது, நடந்தால் நடக்கலாம். தலான் நம்முடைய ஒருவேளை. வலோஸீன்யூலெக் என்றால் அநேகமாக. பிஸ்தொஷ் என்பதில் கவனம் வேண்டும். பிஸ்தொஷ் எல்மென்த் என்றால் "போயிருப்பார்" என்ற வலுவான ஊகம். பிஸ்தொஷ், ஹொஜ் எல்மென்த் என்றால் போனது உறுதி. நடுவில் வரும் ஹொஜ் ஊகத்தை உறுதியாக்கிவிடுகிறது. நோயாளி மாத்திரை போட்டாரா என்று யாராவது கேட்கும்போது இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல.

எனக்கு மிகவும் பிடித்த சொல் ஹாத்ஹ. நடந்தால் நல்லது என்ற நப்பாசையோடு, அல்லது எதற்கும் இருக்கட்டும் என்ற முன்யோசனையோடு சொல்வது. மெக்கேர்தெஸெம், ஹாத்ஹ துஜ்ஜ: கேட்டுப் பார்க்கிறேன், அவருக்குத் தெரிந்தாலும் தெரிந்திருக்கும். விஜ்ஜேல் எஷெர்ஞ்யோத், ஹாத்ஹ எஷிக்: குடை எடுத்துக்கொள், மழை வந்தாலும் வரலாம். ஆங்கில வாக்கியத்தில் இதற்கு நேரான ஒற்றைச் சொல் இருக்காது, "இன் கேஸ்", "மே பி" என்று சிதறிக் கிடக்கும். அதனால் ஆங்கிலம் வழியே போகிறவர்கள் இதைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறார்கள். "வந்தாலும் வரலாம்" என்று தமிழில் தோன்றினால் ஹாத்ஹ பொருந்துமா என்று பாருங்கள்.

## 9. "இல்லை" எங்கே போகிறது

ஆங்கிலத்து "மே நாட்" இரண்டு பொருள் தரும். வராமல் போகலாம் என்பது லெஹெத், ஹொஜ் நெம் யொன். வரக் கூடாது என்பது நெம் யொஹெத். நெம் எந்தச் சொல்லுக்கு முன்னால் நிற்கிறதோ அதைத்தான் மறுக்கும், இதுதான் சூத்திரம். அவசரத்தில் "நெம் லெஹெத், ஹொஜ் யொன்" என்று சொன்னால் "அவர் வருவதற்கு வாய்ப்பே இல்லை" என்றாகிவிடும்.

அதையே கேள்வியாகக் கேட்டால் மென்மையாகிவிடும். "நெம் லெஹெத், ஹொஜ்..." என்று தொடங்கிக் குரலைக் கேள்வியாக முடித்தால் "ஒருவேளை இப்படி இருக்குமோ" என்று பொருள். அஸ் நெம் லெஹெத் என்று தனியாகச் சொன்னால் "அப்படி இருக்க முடியாது", நம்ப மறுப்பது.

## 10. இறந்தகாலம்: குட் என்ற முடிச்சு

குட் வந்ததும் நில்லுங்கள். அதற்குள் பல பொருள் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனி வழி.

அப்போது எனக்கு அந்தத் திறமை இருந்தது: துத்தம் ஊஸ்னி, எனக்கு நீந்தத் தெரிந்திருந்தது.

அப்போது அனுமதி இருந்தது: மெஹெத்தெம், நான் போக முடிந்தது, விட்டார்கள்.

ஒரு முறை முயன்று பலித்தது: இங்கே ஷிகெர்யுல்த் போடுங்கள். ஷிகெர்யுல்த் கிஞித்னொம் அஸ் அய்தோத்: கதவை எப்படியோ திறந்துவிட்டேன். துத்தம் வைத்தும் சொல்லலாம், ஆனால் முயற்சி பலித்தது என்ற செய்தி ஷிகெர்யுல்த்தில்தான் தெளிவாக வரும்.

செய்திருக்கலாம், ஆனால் செய்யவில்லை: ஒட்டின் இறந்தகாலத்தோடு வொல்ன. எல்மெஹெதெத் வொல்ன: அவர் போயிருக்கலாம், போகவில்லை.

போயிருக்கலாம், தெரியாது: லெஹெத், ஹொஜ் எல்மென்த். ஊகிப்பது இப்போது, போனது அப்போது. ஆகவே லெஹெத் நிகழ்காலத்திலேயே நிற்க, உள்ளே இருக்கும் வினைதான் இறந்தகாலம் எடுக்கும். லெஹெத்தை இறந்தகாலமாக்கி "லெஹெதெத், ஹொஜ்" என்று எழுதுவது அடிக்கடி பார்க்கும் பிழை.

கடைசி இரண்டும் தமிழில் ஒரே "போயிருக்கலாம்"தான். இங்கே தமிழ் உதவாது. போனாரா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போகவில்லை என்று தெரிந்தால் வொல்ன, தெரியாவிட்டால் லெஹெத் ஹொஜ்.

ஒரு வடிவத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மெஹெத்தெக் என்பது "நீங்கள் எல்லாரும் போகலாம்" என்றும் "அவர்களால் போக முடிந்தது" என்றும் இரண்டு பொருள் தரும், எழுத்தில் துளியும் வேறுபாடு இல்லை. ஹத் வகையில் இந்தச் சிக்கல் வராது: வார்ஹத்தொக், வார்ஹத்தக் என்று பிரிந்துவிடும். ஹெத் வகையில் சூழலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

## 11. கேட்டு வாங்குவது

உதவி கேட்கும்போது "கேன் யூ", "குட் யூ" எதுவானாலும் துத் பக்கம் போங்கள், அனுமதி ஒட்டுப் பக்கம் போகாதீர்கள். துத்ன ஷெகீதெனி? உதவ முடியுமா? மெக் துத்னா மொந்தனி, ஹொல் வன் அ லிஃப்த்? லிஃப்ட் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியுமா? முன்னால் எஷெத்லெக் சேர்த்தால் இன்னும் பணிவு கூடும்.

"ஷெகீத்ஹெத்" என்று எதிரில் இருப்பவரிடம் சொன்னால், எனக்கு உதவ உங்களுக்கு அனுமதி தருகிறேன் என்றாகிவிடும். நீங்கள் உதவ முன்வரும்போது மட்டும் அந்த ஒட்டு சரி: ஷெகீத்ஹெதெக்? நான் உதவட்டுமா?

காப்பிக் கடையில் கப்ஹத்னேக் எஜ் காவேத்? என்பது நல்ல பணிவு. வெறுமனே கேரெக் எஜ் காவேத் என்றாலும் மரியாதைக் குறைவு இல்லை, கேரெக் என்பதற்குள்ளேயே "கேட்டுக்கொள்கிறேன்" இருக்கிறது.

## 12. எழுத்து மொழிபெயர்ப்பு: லேபிள், மருந்துச் சீட்டு, மென்பொருள்

எழுத்தில் ஒட்டின் ஆட்சி அதிகம், ஏனென்றால் எழுவாய் பொருளாக இருக்கிறது, அதற்கு அனுமதி என்ற பேச்சு இல்லை, எனவே எட்டாம் படியில் சொன்ன குழப்பம் வராது. மருந்துப் பெட்டியில் ஆல்மொஷ்ஷாகொத் ஒகொஸ்ஹத்: தூக்கம் வரச் செய்யலாம். சாக்லேட் உறையில் ஞொமொக்பன் மொஜொரோத் தர்தல்மஸ்ஹத்: சிறிதளவு ஹேசல்நட் இருக்கலாம். இங்கெல்லாம் லெஹெத் ஹொஜ் போட்டால் கடைக்காரர் தோளைக் குலுக்கிச் சொல்வது மாதிரி இருக்கும்.

ஹங்கேரி 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. ஐரோப்பிய மருந்து முகமை ஹங்கேரியம் உட்பட ஒன்றிய மொழிகளில் மருந்துத் தகவல் சீட்டுக்கு மாதிரி வாசகங்கள் வைத்திருக்கிறது. பக்கவிளைவுகள் வரலாம் என்ற ஆங்கில வாசகத்தில் கேன் இருக்கிறது, ஹங்கேரிய வாசகத்தில் அது ஒகொஸ்ஹத். மருந்து தொடர்பாக எழுதுகிறவர்கள் சொந்தமாக வாக்கியம் கட்டாமல் அந்த வாசகங்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும், வாசகர் எல்லா மருந்திலும் ஒரே சொற்களைப் பார்க்க வேண்டும் என்பதற்குத்தானே அவை இருக்கின்றன.

மென்பொருளில் "நீங்கள் மறுபடி தொடங்க வேண்டியிருக்கலாம்" என்ற வகை வரும். அங்கே ஊகமும் கட்டாயமும் சேர்கின்றன, ஊகம் வெளியே, கட்டாயம் உள்ளே: லெஹெத், ஹொஜ் ஊய்ர கெல் இந்தீதனிய. லெஹெத் ஹொஜ் பேச்சுவழக்காகத் தோன்றினால் எல்யோஃபொர்துல்ஹத், ஹொஜ் என்று தொடங்கலாம், "நேரிடலாம்" என்ற எழுத்துநடை வந்துவிடும்.

## 13. ஒரு வாக்கியத்தை முழுதாக நடத்திப் பார்ப்போம்

"தி பேஷன்ட் மே நாட் பி ஏபிள் டு ஈட் டுமாரோ." முதலில் தமிழில்: நோயாளியால் நாளைக்குச் சாப்பிட முடியாமல் போகலாம். "முடியாமல்" என்பது உடம்பின் தெம்பு, ஆகவே துத். "போகலாம்" என்பது நம்முடைய ஊகம், ஆகவே லெஹெத் ஹொஜ். இல்லை என்பது முடிவதைத்தான் மறுக்கிறது, ஊகத்தை அல்ல, ஆகவே நெம் துத்துக்கு முன்னால். சாப்பிடுவதற்குக் குறிப்பிட்ட பொருள் சொல்லவில்லை, முதல் வரிசை விகுதி போதும். எதிர்காலத்துக்கு மய்த் என்ற சொல்லைச் சேர்க்கலாம்.

லெஹெத், ஹொஜ் அ பெதெக் ஹொல்னப் நெம் துத் மய்த் என்னி.

அதே நோட்டில் அடுத்த வரி, "மே நாட் ஈட் அன்டில் ஈவ்னிங்". தமிழில்: மாலைவரை சாப்பிடக் கூடாது. இது உத்தரவு. ஊகம் இல்லை, தெம்பும் இல்லை. ஒட்டு, "சாப்பிடு" தேய்ந்த வடிவம், முன்னால் நெம்.

எஷ்திக் நெம் எஹெத்.